சார்டீனியாவில் ஒடியல் கூழ்

காலுறைக்கு மேல் பாண் வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி, அதற்கு மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ரொறன்ரோவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இப்போது பிக்கரிங்கிலும் விட்பியிலும் வீடு வாங்கி, காரின் இருக்கையைக்கூடச் சூடாக்கிக்கொண்டு போகிறவர்கள். ஆனாலும் பூட்ஸுக்குள் சரசரத்த அந்தப் பையின் சத்தம் உங்கள் காதை விட்டுப் போயிருக்காது. எனக்கு அந்தச் சத்தத்தோடு சேர்த்து மச்சாளின் ஞாபகமும் வரும். அவளுடைய பை சரசரக்காது. எப்படி நடந்தாளோ தெரியாது. எனக்கு முதல் எரிச்சல் அதில்தான் வந்தது.

இது ஒரு பொறாமைக்காரனின் வாக்குமூலம். முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசியில் மானம் போவதற்கு மிச்சம் இருக்காது.

எனக்கு அப்போது பதினொரு வயது. ரெக்ஸ்டேலில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குப் பின்னேரங்களில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. அந்தப் பனிக்காலத்தின் தொடக்கத்தில் அப்பாவின் தங்கையின் மகள், ஒரு தூரத்து உறவினரோடு நெடுந்தீவிலிருந்து வந்து இறங்கினாள். தாயும் தகப்பனும் பிறகு வருவார்கள் என்றார்கள். எந்தப் பிறகு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் என்னைவிட இரண்டு மாதம் மூப்பு. அந்த இரண்டு மாதத்தை அவள் இரண்டு வருடம்போல நடத்தினாள்.

ஜன்னலோரக் கட்டில் அவளுக்குப் போயிற்று. உடுப்பு வைக்கும் என் இழுப்பு லாச்சிகளில் மேல் லாச்சி அவளுக்குப் போயிற்று. முட்டைப் பொரியலில் கருகாத பக்கமும் போயிற்று. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொறுக்கவில்லை. அவளுடைய கையுறைகளில் ஒன்றை ஹீற்றருக்குப் பின்னால் போட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து ஒரு மணித்தியாலம் தேடியும் கொடுத்தேன்.

பொறுக்கவே முடியாமல் போனது அப்பாவின் விஷயம்.

அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். இளவயதிலேயே யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். நான் பிறந்தது பட்டினத்தில். நாலு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்டார்கள். பிறந்த மண்ணைப் பற்றி என்னிடம் இருந்த ஞாபகம் ஒரு பஸ் ஜன்னலின் கம்பியும், முன்னால் நின்ற யாரோ ஒருவரின் வியர்வைச் சட்டையும்தான். அந்தக் கம்பியில் துரு இருந்ததா என்றுகூட நிச்சயமில்லை. நெடுந்தீவை நான் கண்டதேயில்லை. அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததுமில்லை. வேலையால் வருவார், சாப்பிடுவார், தொலைக்காட்சியில் நாளைக்கு எத்தனை பாகை குளிர் என்று பார்ப்பார், படுப்பார்.

மச்சாள் வந்த மறுநாள் அதே மனிதர், புருவத்தில் மா ஒட்டியபடி சமையலறை மேசையில் குந்தி, அவளிடம் கேட்டார்.

“மேற்குக் கிணறு இன்னும் நல்ல தண்ணியோ பிள்ளை?”

“ஓம் மாமா. சோளகக் காத்து முடியேக்கை கொஞ்சம் உவர்க்கும்.”

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, ஹொக்கியில் ரொறன்ரோ கோல் போட்டபோதுகூட நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதே கூத்து. எந்தச் சுவர் விழுந்தது, எந்தப் பனை நிற்கிறது, யார் வீட்டு ஆடு யார் வளவுக்குள் போனது. நான் பக்கத்தில் சோற்றை அளைந்துகொண்டு இருப்பேன். ஒருநாள் துணிந்து, இதையெல்லாம் எனக்கு ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா என் தலையைத் தடவினார்.

“நீ கனடாப் பிள்ளை. உனக்கென்னத்துக்கு உது?”

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். சுமை வேண்டாம், இலேசாக நடக்கட்டும் என்று. என் மகனுக்கு நானும் இதே மாதிரி எத்தனை விஷயங்களைச் சொல்லாமல் விட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். அவளிடம் ஒரு தீவு இருக்கிறது, என்னிடம் இல்லை.

அப்படியிருக்க, மாசி மாதத்தில் ரீச்சர் மத்தியதரைக் கடலைக் கரும்பலகையில் கீறினார். தன்னுடைய கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதற்குள் தீவுகளின் பெயர்களைத் துண்டு துண்டாகப் போட்டுக் குலுக்கினார். என் வகுப்பிலேயே சேர்ந்திருந்த மச்சாளுக்குச் சிசிலி வந்தது. எனக்குச் சார்டீனியா. மலை என்ன, காற்று எப்படி, சனங்கள் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், வழக்கங்கள் என்ன என்று ஒரு பெரிய மட்டையில் படமும் எழுத்துமாகச் செய்து வரவேண்டும். முதலாவதாக வருவதை அதிபரின் கந்தோர் வாசலில் கோடை வரைக்கும் தொங்கவிடுவார்கள். பெற்றோரையும் ஒரு பின்னேரம் அழைப்பார்கள்.

தொப்பிக்குள்ளிருந்து வந்த அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடியே தீர்மானித்தேன். அப்பா வந்து என் தீவைப் பார்க்கவேண்டும். என்னிடம் கேள்வி கேட்கவேண்டும்.

லைபிரரியில் சார்டீனியாவுக்கென்று ஒரே ஒரு புத்தகம் இருந்தது. எடுத்தேன். நாலு பக்கம் வாசித்தேன். அந்தக் கடலில் இரண்டாவது பெரிய தீவு. உள்ளே முழுக்க மலை. ஆட்களைவிடச் செம்மறிகள் அதிகம். வடமேற்கிலிருந்து ஓயாமல் காற்று. போத்தல் மூடி செய்கிற தக்கை அங்கே மரத்தில் பட்டையாக விளைகிறது, உரித்தால் மரம் சிவப்பாக நிற்கும். ஐந்தாம் பக்கத்துக்கு ஈரக் கையுறையை அடையாளமாக வைத்து மூடி, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வைத்தேன். இறங்கிவிட்டேன். சார்டீனியா இறங்கவில்லை.

பஸ் போன திசையில் கொஞ்சத் தூரம் ஓடினேன். பிறகு, அது திரும்பி வரும் என்று எதிர்ப்பக்கத் தரிப்பில் நின்றேன். நாலு பஸ் வந்தது. நாலிலும் ஏறி, சாரதியிடம் “என் தீவைக் கண்டீர்களா” என்று கேட்காத குறை. வீட்டில் சொல்லப் பயம், ரீச்சரிடம் சொல்ல அதைவிடப் பயம். மட்டை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் எட்டை நான் வயிற்றுவலியில் செலவழித்திருப்பேன், சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கிற முறை எங்களுக்கு வராதிருந்தால்.

கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் தோய்க்கிற இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அம்மா எங்கள் இருவரையும் கூடையோடு அனுப்புவாள். உலர்த்தும் இயந்திரத்தின் சூடான கண்ணாடியில் முதுகைச் சாய்த்து இருவரும் குந்துவோம். சவர்க்கார வாசமும், சூடேறிய பருத்தியின் வாசமும், பொத்தான்கள் உள்ளே டிக் டிக்கென்று அடிக்கிற சத்தமும். வகுப்பில் வாய் திறக்காத மச்சாள், அந்தச் சூட்டில் மட்டும் தானாகப் பேசுவாள். ஊர்க் குதிரைகளைப் பற்றித்தான் முதலில் வரும்.

“அது ஆரின்ரை குதிரை?” என்று கேட்டேன்.

“ஒருத்தரின்ரையும் இல்லை.”

“அப்ப ஏன் ஒருத்தரும் பிடிக்கேல்லை?”

“பிடிச்சு?”

கொப்பியைத் திறந்தேன். ஏன் எழுதுகிறாய் என்று கேட்டாள். கணக்கு வீட்டுப்பாடம் என்றேன்.

அவள் தாயை நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். குட்டைக் குதிரைகள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள். யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன வட்டமான கல் கோபுரம், இப்போது புறாக்களுக்கு மட்டும். கடல் வற்றிய பரவையில் உப்பு, அதில் நிற்கிற சிவந்த கால் பறவைகள். ஓலையில் பெட்டி இழைக்கிற பெண்கள். பனங்கிழங்கைக் காயவைத்து மாவாக்கி, நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ்.

அந்தக் கிழமையே நெடுந்தீவைத் தூக்கி மத்தியதரைக் கடலில் வைத்தேன். அங்கேயிங்கே இழுத்துப் பெரிதாக்கினேன். நடுவில் மலையை நட்டேன். ஆடுகளுக்குக் கம்பளி போட்டேன். பனையைக் குட்டையாகக் கீறினேன். சுவருக்கு, கார் நிறுத்துமிடத்தில் வழுக்காமல் இருக்கக் கொட்டிய பொடிக்கல்லைப் பொறுக்கி வந்து ஒட்டினேன். பாதியில் கல் முடிந்துபோனதால் மிச்சத்தை இடைவெளி விட்டு விட்டு ஒட்டினேன். உணவு என்ற இடத்தில் எழுத வேறெதுவும் தெரியாமல், “ஒருவகைக் கிழங்கு மாவில் காய்ச்சிய கடலுணவுக் கூழ்” என்று ஆங்கிலத்தில் துணிந்து எழுதினேன். மச்சாள் அந்த நேரமெல்லாம் அகராதியும் கையுமாகச் சிசிலியில் இருந்தாள். பத்திரிகைத் தாளைக் கரைத்து ஒரு எரிமலை செய்து, அதன் வாயில் பஞ்சுப் புகை வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளும் கொஞ்சம் புகைந்தது.

மட்டையைக் கொடுத்த இரண்டாம் நாள் ரீச்சர் கலைக்களஞ்சியத்தின் ஒரு தடித்த பாகத்தோடு என்னை நோக்கி வந்தார். நான் மூத்திரம் வருகிறது என்று சொல்லி ஓடினேன். திரும்பி வந்தேன், ரீச்சர் நின்றார். திரும்பவும் ஓடினேன். மூன்றாம் தரம் அவர் என் தோளைப் பிடித்து, இந்தக் குட்டைக் குதிரைகள் உனக்கு எப்படித் தெரிந்தது, நானே இப்போதுதான் தேடிக் கண்டுபிடித்தேன் என்றார்.

நண்பர்களே, அங்கேயும் இருக்கிறதாம். யாருக்கும் சொந்தமில்லாத குட்டைக் குதிரைகள். சாந்தில்லாத கல் சுவர் இருக்கிறதாம். யார் எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாத வட்டக் கல் கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். உப்பளம், சிவப்புப் பறவை, ஓலைப்பெட்டி இழைக்கிற குட்டைப் பனைகூட இருக்கிறதாம். நான் பொய் சொன்ன இடமெல்லாம் சார்டீனியா எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்று அதை உண்மையாக்கிக் கொடுத்திருந்தது. எனக்கு முதலாமிடம். சிசிலிக்கு இரண்டாமிடம்.

ஒரு கணம் வானத்தில் பறந்தேன். அடுத்த கணம்தான் உறைத்தது. அப்பா வருவார். சார்டீனியாவைத் தெரியாத அப்பாவுக்கு நெடுந்தீவைத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். உங்களில் பாதிப்பேர் அந்த உத்தியோகம் பார்த்தவர்கள், அதன் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். அழைப்புக் கடிதத்தை விரித்து, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பேன் பரவுகிறது, பெரியவர்கள் இந்த மாதம் உள்ளே வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்றேன். அம்மா உடனே என் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மச்சாள் கடிதத்தை எடுத்தாள். அகராதியை எடுத்தாள். கால் மணித்தியாலம் கழித்துச் சொன்னாள்:

“மாமா, வியாழக்கிழமை ஆறரைக்கு வரச் சொல்லி இருக்கு. இவன்ரை படம் முதலாவதாம். பேனைப் பற்றி ஒண்டும் இல்லை.”

வியாழக்கிழமை நெற்றியை ஹீற்றரில் வைத்துக் காய்ச்சல் வரவழைத்தேன். நெற்றியில் கோடு கோடாகச் சூடு பட்டதுதான் மிச்சம். அந்தக் கோடுகளோடு போய் என் மட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

எனக்கு முன்பே அங்கே ஒருவர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்து, படிக்கு உப்புப் போடுகிற பராமரிப்பாளர். இடுப்பில் கதவுத் திறப்புக் கோர்வை தொங்குகிற, நாங்கள் ஈரப் பூட்ஸோடு நடந்தால் கத்துகிற மனிதர். ஏதோ இத்தாலிக்காரர் என்று நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான் அவர் சொன்னார், இத்தாலியல்ல, சார்டீனியா. தன் ஊருக்கு மேலே மேசைபோல ஒரு தட்டை மலை இருக்கிறது, அந்தக் குதிரைகள் அதன் மேல்தான் நிற்கின்றன, சிறுவயதில் அவற்றைப் பார்த்துக்கொண்டே செம்மறி மேய்த்தேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி வந்தவர், கூழில் வந்து நின்றார். இரண்டு தரம் வாசித்தார். நான் கண்ணை மூடினேன்.

இது எங்கள் ஊரில் இல்லை, என்றார். பிறகு உதட்டைப் பிதுக்கி, கரையோரத்துச் சனங்களாக இருக்கும், அவர்கள் எதையும் தின்பார்கள், என்றார்.

அப்போது அப்பா வந்தார். வேலை உடுப்போடு, தொப்பிக்குக் கீழே மாவோடு. மட்டையைப் பார்த்தார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

“கல்லுக்குக் கல்லு இடைவெளி விட்டிருக்கிறாய். காத்துப் போகவேணும், இல்லாட்டில் விழுந்திடும். உது ஆர் சொல்லித் தந்தது?”

கல் முடிந்துபோயிற்று என்று எப்படிச் சொல்ல? புத்தகம், என்றேன்.

அப்பா பராமரிப்பாளரைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் தீவிலும் இப்படித்தான் என்றார். அவர், எங்கள் தீவிலும் என்றார். இருவரும் கையால் குதிரையின் உயரத்தைக் காட்டினார்கள். இருவரின் கையும் ஒரே உயரத்தில் நின்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேற்குக் கிணற்றைக் கேட்கும்போது வருகிற அதே வெளிச்சம். பார்த்துவிட்டேன். அது எனக்கு, எனக்கு மட்டும்.

ஆவணியில் மலை மேலிருக்கும் குட்டைகள் வற்றிவிடும், உன் புத்தகம் அதற்கு என்ன சொல்கிறது, குதிரைகள் அப்போது எப்படிக் குடிக்கும், என்று பராமரிப்பாளர் என்னைக் கேட்டார். தன் ஊர்ப் பிள்ளையிடம் கேட்பதுபோல ஆசையாகக் கேட்டார். நான் வாசித்த நாலு பக்கத்தில் அது இல்லை. எரிமலையின் பின்னால் நின்ற மச்சாள், அகராதி ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கிணற்றில் அள்ளித் தொட்டியில் ஊற்றவேண்டும். ஊற்றிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். தள்ளி நின்றால்தான் அவை குடிக்கும்.

பராமரிப்பாளர் தன் அறைக்குப் போய், கடுதாசி போல மெல்லிய, நொறுங்குகிற ஒரு பெரிய ரொட்டியும், உள்ளங்கை அளவு தக்கைப் பட்டையும் கொண்டுவந்தார். மலைக்குப் போகிற மேய்ப்பர்கள் மாதக்கணக்கில் வைத்துத் தின்கிற ரொட்டியாம். ரொட்டியை அவளுக்குக் கொடுத்தார். பட்டையை எனக்குக் கொடுத்தார். சாப்பிடக்கூடியது ஏன் அவளுக்கு என்று அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு நடந்து போனோம். அப்பா நடுவில். கொஞ்சத் தூரம் போனதும் அவர் என் கழுத்தில் கையைப் போட்டார்.

“உன்ரை தீவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லன்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் காத்திருந்த வசனம் இதுதான். என்னிடம் சொல்ல ஒரு சொல் மிச்சமில்லை. எல்லாவற்றையும் மட்டையில் ஒட்டியாயிற்று. பூட்ஸுக்குள் பை சரசரத்தது. அப்பா காத்திருந்தார்.

“மாமா,” என்றாள் மச்சாள், “அவன் இன்னொண்டும் எழுதினவன். இடம் காணாதெண்டு விட்டிட்டான். முதல் மழை பெய்யேக்கை குதிரையள் எல்லாம் ஒண்டாய்ச் சேந்து காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குமாம். குட்டியள் நடுவிலையாம்.”

“எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான் பிள்ளை.”

“ஓமோ மாமா?” என்றாள், அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவள்போல.

அந்த “ஓமோ மாமா”வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. லிஃப்ற்றுக்குள் அப்பா முன்னால் நிற்க, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் காதில் கேட்டேன். அவள் ரொட்டியின் ஓரத்தை உடைத்து என் கையில் வைத்தாள்.

“உன்னட்டை ஒண்டும் இல்லைத்தானே. கொஞ்சம் வைச்சிரு.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் வென்றிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் அழுது ஆட்களைச் சேர்த்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? ரொட்டியைத் தின்றேன். உப்பாக, நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

கோடையில் மட்டையைக் கழற்றித் தந்தார்கள். ஒரு குதிரைக்கு முன்னங்காலைக் காணவில்லை. தக்கைப் பட்டை ரெக்ஸ்டேலிலிருந்து வீடு மாறியபோது எங்கோ போயிற்று. அது தண்ணீரில் விழுந்தாலும் தாழாது என்று இன்னமும் கொஞ்சம் நம்பிக்கை. மச்சாளின் தாயும் தகப்பனும் நாலு வருடம் கழித்து வந்து சேர்ந்தார்கள். அவள் போனபோது ஜன்னலோரக் கட்டில் எனக்குத் திரும்பி வந்தது. இரண்டு நாள் அதில் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கால் ஊசிக் காற்று. நாலு வருடமும் அவள் அதைச் சொல்லவே இல்லை.

இப்போது அவள் விட்பியில். போன மாதம் புருஷனோடு விடுமுறைக்குப் போனவள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஆழமில்லாத குட்டை. பின்னால் பட்டை உரித்துச் சிவந்த மரங்கள். கண்ணை மறைக்கும் பிடரி மயிரோடு எட்டு, ஒன்பது குட்டைக் குதிரைகள். கீழே எழுதியிருந்தாள்: “உன்ரை ஊரிலை நிக்கிறன். உன்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை.” அடுத்த செய்தி: “இஞ்சையும் தள்ளி நிண்டால்தான் குடிக்குதுகள்.”

நான் இன்றுவரை நெடுந்தீவுக்கும் போனதில்லை, சார்டீனியாவுக்கும் போனதில்லை. அவளுக்கு இப்போது இரண்டும் இருக்கிறது. கூழ் கிடைக்குதோ என்று எழுதினேன், அழித்தேன். அந்தப் பராமரிப்பாளரின் சொந்தக்காரரைக் கண்டால் என் பட்டையைக் கேள் என்று எழுதினேன், அதையும் அழித்தேன்.

பிக்கரிங்கில் அப்பா என்னோடுதான் இருக்கிறார். எண்பத்துநாலு வயது. கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, சமையலறை மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். போனை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். வாங்கித் தூரப் பிடித்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார். சார்டீனியா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வெளிச்சம் வந்துவிட்டது.

“உது மேற்குப் பக்கமெல்லே,” என்றார். “இப்ப உதுகளுக்கு ஆர் தண்ணி ஊத்திறது?”

நாற்பது வருடத்துக்குக் கிட்ட. குதிரைகளுக்குத் தண்ணீர் என்ற அந்தக் கேள்வி திரும்பவும் என்னிடம்தான் வந்திருந்தது, இந்த முறை எனக்குப் பதிலும் தெரிந்திருந்தது.

“மச்சாள்தான் அப்பா,” என்றேன். “வேறை ஆர்.”